அகலமான டயர், அளவான ரிம்

மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றின் தென்கரையில் அமைந்த நர்மதாபுரம் மாவட்டத்தை, 2022 வரை ஹோஷங்காபாத் என்றே அழைத்து வந்தனர். நெல் அறுவடை முடிந்த ஒரு பிற்பகலில், அங்கே ஒரு வயலின் நடுவே நின்றுபோன டிராக்டரைச் சுற்றி நாமும் நின்றுகொண்டிருந்தோம். பின்சக்கரங்கள் இரண்டும் கரிசல் சேற்றில் பாதிக்கு மேல் புதைந்திருந்தன. இழுவைப் பெட்டியில் நெல் மூட்டைகள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

தவா அணையின் கால்வாய் நீர் எட்டும் பூமி அது. மழைக்காலத்தில் சோயா அல்லது நெல், குளிர்காலத்தில் கோதுமை, கோடையில் பாசிப்பயறு என ஆண்டுக்கு மூன்று போகம் காண்பவர்கள் அங்கே பலர். ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையே கிடைக்கும் நாள்கள் மிகக் குறைவு. மண் காயும்வரை காத்திருந்தால் கோதுமை விதைப்பு தள்ளிப்போகும்; காத்திராமல் இறங்கினால் டிராக்டர் புதையும். கரிசல் மண்ணின் இயல்பை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிராக்டரின் உரிமையாளர் நம் வங்கியின் வாடிக்கையாளர். 50 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டியை வங்கிக் கடனில் வாங்கி, இன்னும் சில ஆண்டுத் தவணைகளைச் செலுத்த வேண்டியவர். அன்று மாலை அவர் ஒரு முடிவோடு இருந்தார். "இந்த டயர் இந்த மண்ணுக்கு ஆகாது. அகலமான டயர் போடப் போகிறேன். நகரத்துப் பட்டறையில் பேசிவிட்டேன். இருக்கிற ரிம்மையே நடுவில் அறுத்து, பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்தித் தருவார்களாம். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்" என்றார். கிளையின் வேளாண் அலுவலர் உடனே மறுப்புச் சொல்லவில்லை. "அறுப்பதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்ப்போம், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அளக்கும் வேலை தொடங்கியது.

அவருடைய டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று பொறிக்கப்பட்டிருந்தது. முதல் எண், உரிய ரிம்மில் ஏற்றிக் காற்றடைத்த நிலையில் டயரின் அகலம் எத்தனை அங்குலம் என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். நம் நாட்டில் நடுத்தரத் திறன் கொண்ட டிராக்டர்களின் பின்சக்கரங்களில் 12.4-28, 13.6-28, 14.9-28, 16.9-28 ஆகிய அளவுகள் பரவலாகக் காணப்படுகின்றன. விட்டம் எல்லாவற்றிலும் 28 என்றே இருப்பதால், எந்த டயரும் எந்த ரிம்மிலும் பொருந்திவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கையால் தள்ளி ஏற்றினால் ஏறிவிடும் என்பதும் உண்மைதான். சிக்கல் தொடங்குவது அதன் பிறகு.

ரிம்முக்கும் அகல அளவு உண்டு. டயரின் விளிம்பு அமரும் இரு உட்சுவர்களுக்கு இடைப்பட்ட தூரமே அந்த அளவு. ரிம்மின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தால் கணக்கு தவறிப்போகும். நாமும் முதலில் அப்படித்தான் அளந்தோம். 13.6 டயருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது 12 அங்குல ரிம். 14.9 டயருக்கு 13 அங்குலம். ஆனால் 12 அங்குல ரிம்மிலும் அதனை ஏற்றலாம் என்று டயர் நிறுவனங்களின் அட்டவணைகள் அனுமதிக்கின்றன. 16.9 டயருக்கோ 15 அங்குல ரிம் வேண்டும். அகன்ற டயரை ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் அதன் மேற்பரப்பு குவிந்து, எடை முழுவதையும் நடுப்பகுதியே தாங்கும். ஓரக் கட்டைகள் மண்ணைத் தொடாமல் நிற்க, நடுப்பகுதி விரைவில் தேய்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடவே தொடாது.

நம் வாடிக்கையாளர் 16.9 அளவுக்கே ஆசைப்பட்டிருந்தார். பட்டறைக்காரரின் வெல்டிங் யோசனையும் அதிலிருந்தே பிறந்தது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பட்டறையிலேயே சென்று பார்த்தோம். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. டயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் அதன் ஒரு பக்க விளிம்பு இறங்கி இடங்கொடுப்பதற்காக அமைந்த பள்ளம் அது. அந்தப் பள்ளத்தின் வழியே ரிம்மை வட்டமாக அறுத்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். இடையே மூன்று அங்குல இரும்புப் பட்டையை வளைத்துப் பொருத்தி இருபுறமும் பற்றவைக்கிறார்கள். பட்டறைக்காரர் கைத்திறன் மிக்கவர். மூட்டு அழகாகவே இருந்தது. ஆனால் இரும்பு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். தரையில் உருட்டிப் பார்த்தபோது அந்த ரிம் பக்கவாட்டில் அசைந்தாடியது கண்ணுக்கே தெரிந்தது.

இதை விடவும் கவலைக்குரியது வேறொன்று. எஞ்சினின் திருப்புவிசை அச்சிலிருந்து டிஸ்க்குக்கும், டிஸ்க்கிலிருந்து போல்ட்டுகள் வழியே ரிம்மில் பற்றவைத்த கொக்கிகளுக்கும், பிறகு ரிம்முக்கும் டயருக்கும் செல்கிறது. நடுவில் அறுத்து ஒட்டிய ரிம்மில், கொக்கிகள் இல்லாத பாதியின் எடையையும் இழுவையையும் அந்த ஒரு வெல்டிங் மூட்டே தாங்கியாக வேண்டும். வயலில் மெதுவாகப் போகும்போது அது தாக்குப்பிடிக்கலாம். நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியுடன் சந்தைச் சாலையில் குழியில் இறங்கி ஏறும்போது எந்த நாளில் விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல இயலாது. பக்கத்து ஊரில் முந்தைய ஆண்டு அப்படி ஒரு சக்கரம் கால்வாய்க் கரையில் பிளந்ததாகவும், ஓட்டியவர் கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருந்ததாகவும் சொன்னவர் நம் வாடிக்கையாளரே. அப்படியிருந்தும் அவர் பட்டறைக்குப் போனாரென்றால், அதற்குக் காரணம் அறியாமை அன்று. மழைக்கு முன் நெல்லை வெளியே கொண்டுவர வேண்டிய நெருக்கடி.

இங்கே ஓர் எச்சரிக்கை. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் எக்காரணத்தைக் கொண்டும் வெல்டிங் செய்யக்கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும்கூட, சூட்டில் உள்ளே உருவாகும் வாயு டயரை வெடிக்கச் செய்யும், உயிரிழப்பில் முடியும். புதிய டயரை ரிம்மில் அமர்த்தும்போதும் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ.யைத் தாண்டலாகாது. காற்றடைப்பவர் நீண்ட குழாயுடன் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.

அறுக்காமலே அகலப்படுத்த

பெரும்பாலான டிராக்டர்களில் ரிம்மும் டிஸ்க்கும் தனித்தனி உறுப்புகள், போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவை. ஆகவே டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதே போல்ட் இடைவெளி உடைய, ஆலையில் தயாரான அகன்ற ரிம்மை மட்டும் வாங்கிப் பொருத்த இயலும். செலவு கூடுதல்தான். ஆனால் வெட்டிய ரிம் வீணானால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. கழற்றி வைத்த பழைய ரிம்மை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம், விற்கவும் செய்யலாம்.

எந்த அளவு வரை போகலாம்? இதற்கு விடை டிராக்டரோடு வந்த கையேட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். அதே மாவட்டத்துக்கு அண்மையில், ஆற்றின் மறுகரையில் உள்ள புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் 1955 முதல் இயங்கி வருகிறது. அங்கு சோதிக்கப்படும் டிராக்டர்களின் அறிக்கைகளில் டயர் அளவு, எடைப் பகிர்வு போன்ற விவரங்கள் இடம்பெறுகின்றன. நம் வாடிக்கையாளரின் கையேட்டில் 14.9-28 மாற்று அளவாகக் குறிக்கப்பட்டிருந்தது. 16.9 இல்லை.

அந்த வேறுபாடு பொருளுடையது. 14.9 டயரின் முழு விட்டம் 13.6-ஐ விட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல், 16.9-இல் அது 9 விழுக்காட்டை ஒட்டி வரும். விட்டம் கூடினால் அதே கியரில் வண்டி விரைந்து ஓடும், இழுவிசை குறையும், பிரேக்கின் பிடியும் அதே அளவில் தளரும். மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டராயின் கவனம் இன்னும் வேண்டும்: முன்சக்கரமும் பின்சக்கரமும் குறிப்பிட்ட விகிதத்தில் சுழலுமாறு கியர்கள் அமைந்திருப்பதால், பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் தேய்ந்துபோகும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அகன்ற டயர் மண்ணை அமுக்காமல் மிதப்பதற்குக் காரணம் அகலம் மட்டுமன்று, குறைந்த காற்றழுத்தமும்தான். பழைய டயரில் வைத்திருந்த அழுத்தத்தையே புதியதிலும் வைத்தால் மண்ணில் பதியும் பரப்பு பெரிதாகக் கூடாது. எத்தனை எடைக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து, வயலுக்கு ஓர் அளவும் சாலைச் சுமைக்கு ஓர் அளவும் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் சேற்றில் இதுவும் போதாது. அங்கே இரும்புக் கேஜ் சக்கரமே துணை.

தாளில் உள்ளவை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. தயாரிப்பாளரே அனுமதித்த அளவுக்குள் நிற்பது இதனாலும் நல்லது. கடன் தீராத டிராக்டர் வங்கிக்கு ஈடாக நிற்பது. மாற்றத்துக்கு முன் கிளைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது அந்த ஒரு கடிதத்தின் அருமை தெரியும். செலவுக்கும் வழியுண்டு: கிசான் கடன் அட்டையின் வரம்பைக் கணக்கிடும்போது, பண்ணைக் கருவிகளின் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் 20 விழுக்காடு சேர்க்கப்படுகிறது. வங்கி அலுவலர் இதைச் சொன்னபோது நம் வாடிக்கையாளர் சற்றே கோபப்பட்டார். "இதை முன்பே சொல்லியிருக்கலாமே!" நியாயமான கோபம்.

பட்டறைக்குப் போகவிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 13 அங்குல ரிம் இரண்டும் 14.9-28 டயர், டியூப் இரண்டிரண்டும் வாங்கினார். பழைய டியூபையே போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

மாற்றுவதற்கு முன்பே அலுவலர் ஒரு சோதனை செய்து வைத்திருந்தார். பின்டயரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை வண்டியை ஓட்டச் செய்தார். 39 மீட்டர். அதே வயலில் கலப்பையை இறக்கி மீண்டும் பத்துச் சுற்று. 31 மீட்டர்தான். எட்டு மீட்டர் வழுக்கலில் போயிற்று. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டீசல் மண்ணைத் துருவியதிலேயே தீர்ந்தது என்று பொருள். இந்த வழுக்கல் 15 விழுக்காட்டுக்குள் அடங்குவது நல்லது.

புதிய சக்கரங்களை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, அதே மூலையில் மீண்டும் கோடு போட்டார்கள். கலப்பையைத் தூக்கியபடி 41 மீட்டர், இறக்கியபின் 36. கணக்கை ஒருமுறைக்கு இருமுறை போட்டுப் பார்த்த நம் வாடிக்கையாளர், 12 என்ற எண்ணைக் கையேட்டின் உள்ளட்டையில் தேதியுடன் எழுதி வைத்தார். பிறகு விதைக் கருவியை மாட்டச் சொல்லி மகனுக்குக் குரல் கொடுத்தார்.