எந்தப் புத்தூர்?

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் பெரியாஸ்பத்திரிக்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் உள்ள வென்டிலேட்டர், ஈ.சி.ஜி. மெஷின், சிரிஞ்ச் பம்ப் எல்லாவற்றையும் பழைய எக்செல் தாளிலிருந்து சொத்து நிர்வாக மென்பொருளுக்கு ஏற்றும் வேலை நம்மிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நிதானமாகவே பார்க்கலாம்.

கருவிகளுக்கு இப்படி ஒரு கணக்கு எதற்கு? அரசு மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்க 2015-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தபோது நாடெங்கும் கணக்கெடுத்தார்கள். 29,115 இடங்களில் 7,56,750 கருவிகள் இருந்தன. அவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை ஓடாமல் கிடந்தன. ஒரு கருவி நின்றுபோனால் அது எந்த வார்டில் இருக்கிறது, யார் சப்ளை செய்தது, வாரன்டி எப்போது முடிகிறது என்று உடனே தெரிய வேண்டும். கருவியின் பெயர் மட்டும் பதிவில் இருந்தால் இதில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

எக்செல் தாளில் கருவி, வார்டு, சப்ளையர், வாரன்டி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். மென்பொருளில் அப்படியில்லை. வார்டுகளுக்கு ஒரு பட்டியல், சப்ளையர்களுக்கு ஒன்று, பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று. கருவியின் பதிவில் சப்ளையரின் போன் நம்பர் இருக்காது. அந்தச் சப்ளையர் யார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், அவர் கொடுத்த நாற்பது கருவிகளுக்கும் சரியாகிவிடும்.

இங்கேதான் எல்லோரும் ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். கருவித் தாளிலும் சப்ளையர் தாளிலும் ஒரே பெயர் இருக்கிறதே, மென்பொருள் தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வது மனிதனின் சாமர்த்தியம். ‘புத்தூர்’ என்று மட்டும் எழுதி ஒரு கடிதம் போட்டால் எங்கே போகும்? எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர் ஆந்திராவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில், நிலாவரைக் கிணற்றுப் பக்கம் இன்னொரு புத்தூர். 620017 என்று பின்கோடு போட்டால்தான் கடிதம் நம் புத்தூருக்கு வரும். பதிவுகளையும் அப்படி ஒரு எண்தான் சேர்க்கிறது: ஒரு பதிவுக்கு ஒன்று, அதே எண் இன்னொன்றுக்குக் கிடையாது, பெயர் மாறினாலும் எண் மாறாது.

பெயரை நம்பினால் என்ன ஆகும்? ஒரு தாளில் ‘ஐ.சி.யூ.’, இன்னொன்றில் ‘ஐசியூ’, மூன்றாவதில் ‘ஐசியூ’ என்று எழுதிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. நமக்கு மூன்றும் ஒரே வார்டு. பல மென்பொருள்களுக்கு மூன்று. சில மென்பொருள்கள் பெயர் பொருந்தவில்லை என்று அந்த வரியையே ஏற்க மறுக்கும். அது நல்லது என்பேன். ஸ்னைப்-ஐடி போன்ற சொத்து நிர்வாக மென்பொருள்கள் அதைவிடத் தாராளம்: இல்லாத இடத்தையும் தயாரிப்பாளரையும் தாமே புதிதாக உண்டாக்கிவிடும். பிழைச் செய்தி ஏதும் வராது; ஆறு மாதம் கழித்து, இருபது கருவி உள்ள வார்டில் எட்டுதான் இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

அடுத்தது, எதை முதலில் ஏற்றுவது? சுட்டப்படுவது முன்னால், சுட்டுவது பின்னால். வார்டும் சப்ளையரும் ஏறிய பிறகு கருவி; கருவி ஏறிய பிறகு அதன் ஒப்பந்தம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வென்டிலேட்டரும் அதோடு சேர்ந்த கம்ப்ரெசரும் ஒரே கருவிப் பட்டியலில் இருக்கும். கம்ப்ரெசரின் வரியில் ‘இது இந்த வென்டிலேட்டருக்கு உரியது’ என்று குறிக்க வேண்டும். கம்ப்ரெசர் மேல் வரியிலும் வென்டிலேட்டர் கீழ் வரியிலும் இருந்தால், இன்னும் பிறக்காத ஒன்றை அது சுட்டுகிறது. அதனால் முதல் சுற்றில் இந்த உறவைக் குறிக்கும் நிரலைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, இரண்டாம் சுற்றில் அந்த நிரலை மட்டும் நிரப்புவார்கள்.

எண் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் எக்செல் விடாது. 00457 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 457 ஆக்கிவிடும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நீளமான சீரியல் நம்பர் உள்ள கருவிக்கு இது பெரிய ஆபத்து. அந்த நிரலை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

முழுத் தாளையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். பத்து வரி மட்டும் ஏற்றிவிட்டு, கருவிகளைப் பார்க்காமல் சப்ளையர் பட்டியலைத் திறந்து பாருங்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்து வரியை அழித்துத் திருத்துவது சுலபம், பத்தாயிரம் வரியை அப்படிச் செய்ய முடியாது.