முன்கூட்டியே திரும்பும் சுக்கான்

தென்காசி வாசகர் ஒருவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். முதலாவது, சீசனுக்கு வந்த உறவினர் பிள்ளைகளைக் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைகுளம் படகுக் குழாமுக்கு அழைத்துப் போனபோது எழுந்தது. மிதிபடகு ஏன் நேராகப் போக மறுக்கிறது? எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்து மிதித்தால், படகின் முனை மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறதே தவிர மரத்தில் நிற்பதில்லை. இரண்டாவது, தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கும் அவருடைய மைத்துனரைப் பற்றியது. படகில் ‘ஹைட்ராலிக் ஆட்டோபைலட்’ மாட்டலாமா என்று அவர் யோசிக்கிறார். “செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, படகு தானாக ஓடும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்” என்று விற்க வந்தவர் சொன்னாராம். குளத்தில் நாம் கையில் பிடித்து ஓட்டும் படகே நேராகப் போகாதபோது, கடலில் ஆள் தொடாத படகு நேராகப் போகுமா என்பது வாசகரின் சந்தேகம்.

போகும். நூறு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை. ஆனால், தூங்கலாம் என்றாரே, அது பொய், ஆபத்தான பொய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாலையில் ஓடும் வண்டியின் திசைமாற்றியை நேராக்கினால் வண்டி அந்தக் கணமே நேராகிவிடும். டயர் தரையைப் பற்றியிருக்கிறது. நீரில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. சுக்கானைத் திருப்பினால் படகு சுழலத் தொடங்கும். சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தச் சுழற்சி சிறிது நேரம் தொடரும். மரம் முனைக்கு நேராக வந்ததும் கைப்பிடியை நேராக்குகிறோம். படகோ மரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. பதறி எதிர்ப்பக்கம் ஒடிக்கிறோம். அந்தப் பக்கமும் தாண்டுகிறது. நம் கண் ‘எவ்வளவு விலகியிருக்கிறோம்’ என்பதை மட்டும் பார்க்கிறது. ‘எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்’ என்பதைப் பார்ப்பதில்லை.

பழகிய ஸ்ராங்கு, அதாவது விசைப்படகை ஓட்டுபவர், இரண்டையும் பார்க்கிறார். படகு திரும்ப வேண்டிய திசைக்கு வந்து சேரும் முன்பே, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி பாக்கி இருக்கும்போதே, சுக்கானை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுத்து, வேகம் அடங்கியதும் நடுவுக்குக் கொண்டுவருகிறார். படகு சரியான திசையில் வந்து அப்படியே நின்றுகொள்கிறது. தவறு நிகழும் முன்பே அதற்கான திருத்தத்தைப் போட்டுவிடும் இந்தச் சிறிய கைவேலைதான் ஆட்டோபைலட்டின் உயிர். எனக்கு இந்தப் பொருளில் ஆகப் பிடித்ததும் இதுதான்.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்கக் கடல்வரை போக வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்தால் போதும். வடம் பிடிக்கும் கூட்டம் எஞ்சின். அதற்கு இழுக்க மட்டுமே தெரியும். தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர் தீர்மானிக்கிறார். ரத வீதி முனையில் தேர் திரும்பி முழுதாக நேராகும்வரை அவர் காத்திருந்தால் தேர் எதிர்ச்சாரி வீட்டுத் திண்ணையில் போய் ஏறிவிடும். அதனால் தேர் முக்கால் பங்கு திரும்பியதுமே மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை போகிறது. இனி அந்த ஒருவரை மூவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆள், தேர் எவ்வளவு கோணியிருக்கிறதோ அவ்வளவு தடிமனான கட்டையைப் போடுவார். இரண்டாம் ஆள் கோணலைப் பார்ப்பதே இல்லை. தேர் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்து அதற்கு எதிர்க்கட்டை போடுவார். மூன்றாம் ஆள் பொறுமைசாலி. தெரு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் தேர் எப்போதும் கொஞ்சம் அந்தப் பக்கமே ஒதுங்குகிறது என்பதைக் கணக்கு வைத்து, ஒரு மெல்லிய கட்டையை விடாமல் கொடுத்துக்கொண்டே வருவார். இந்த மூவரும் போடும் கட்டைகளின் கூட்டுத்தொகைதான் சுக்கானின் கோணம். ஆட்டோபைலட் கணினி ஒரு நொடிக்குள் பலமுறை போடுவது இந்தக் கூட்டல் கணக்கைத்தான். பொறியாளர்கள் இதை ‘பிஐடி’ கட்டுப்பாடு என்பார்கள்.

மூன்றாம் ஆளின் அருமையை ஆனி, ஆடியில் உணரலாம். செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலோடு புகுந்து வரும் மேல்காற்று விடாமல் ஒரே பக்கம் தள்ளும். அப்படித் தள்ளும் காற்றில் சுக்கானை நடுவில் வைத்தால் படகு நேராகப் போகாது. ஓரிரு டிகிரி எப்போதும் காற்றுக்கு எதிராகப் பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து ஓட்டினால், படகு ஆடாமல் போகும். ஆனால் எப்போதும் சில டிகிரி தப்பாகவே போகும்.

வரலாறு சுருக்கமாக. அமெரிக்காவின் எல்மர் ஸ்பெர்ரி நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் கைரோ திசைகாட்டியோடு இணைத்த கருவியைக் கப்பல்களில் பொருத்தியது. மாலுமிகள் அதற்கு ‘மெட்டல் மைக்’ என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவில் பிறந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, தேர்ந்த சுக்கானியர் எப்படித் திருப்புகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கி, மேலே சொன்ன மூன்று பங்குகளையும் கணிதமாக்கி 1922இல் கட்டுரை வெளியிட்டார். ‘நியூ மெக்சிகோ’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் அவருடைய கருவி சோதிக்கப்பட்டது. நன்றாகவே வேலை செய்தும், கடற்படை ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை, கழற்றப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கு கரையேறிவிட்டது. கொதிகலன், ரசாயன ஆலை, ட்ரோன் என இன்று எங்கும் அதுவே ஓடுகிறது.

‘செயற்கை நுண்ணறிவு’ என்று விளம்பரத்தில் போடுவதில் பெரும்பகுதி இந்த 1922ஆம் ஆண்டுச் சரக்குதான். உண்மையான முன்னேற்றம் வேறிடத்தில் நடந்திருக்கிறது. இரண்டாம் ஆளுக்குத் தேவை சுழற்சி வேகம். பழைய கருவிகள் திசைகாட்டி காட்டும் எண்களை ஒன்றுக்கொன்று கழித்து அதை ஊகித்தன. அலையில் திசைகாட்டியே குலுங்கும்போது ஊகம் கெட்டுவிடும். இப்போது கைபேசியில் இருக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணிய கைரோ சில்லு சுழற்சி வேகத்தை நேரடியாக அளந்து சொல்கிறது. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

இனி மைத்துனரின் படகுக்கு வருவோம். ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கைப்பம்பு இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் படகின் பின்பகுதிக்குப் போய், சுக்கானை அசைக்கும் சிலிண்டரில் சேரும். சக்கரத்தை ஒருபக்கம் சுற்றினால் ஒரு குழாயில் எண்ணெய் போகும், மற்றதில் திரும்பும். ஆட்டோபைலட் மாட்டுவதென்றால், இருபுறமும் சுழலக்கூடிய ஒரு மின்பம்பை அந்த இரண்டு குழாய்களிலும் ‘டீ’ போட்டு இணைப்பதுதான். எண்ணெய்த் தொட்டிக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாய். கூடவே கணினிப் பெட்டி, திசைகாட்டி உணரி, சுக்கான் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணரி.

பம்பின் அளவை ‘படகு இத்தனை அடி’ என்று கேட்டு வாங்கக் கூடாது. சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். உள்விட்டம் 5 செ.மீ., தண்டு 2 செ.மீ., நகர்வு 23 செ.மீ. என்றால், சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகச் சுமார் 380 மி.லி. எண்ணெய் வேண்டும். அதை 12 விநாடிகளில் முடிக்க நிமிடத்துக்கு 1.9 லிட்டர் தள்ளும் பம்பு போதும். அதைவிட மிகச் சிறியதை வாங்கினால் அலை திருப்பும் வேகத்துக்குச் சுக்கான் ஈடுகொடுக்காது. மிகப் பெரியதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் கோணத்தைத் தாண்டிப் போய் வெட்டி வெட்டித் திரும்பும். இதே சிலிண்டரில் 40 பார் அழுத்தம் ஏறினால் சுக்கானை நெட்டும் விசை ஏறக்குறைய 670 கிலோ எடைக்குச் சமம். ஒரு மனிதன் இரவு முழுக்கத் தர முடியாத பலம் அது.

முட்டுக்கட்டையில் இன்னொரு அழகு உண்டு. கட்டையைப் போட்டவர் விலகி நின்றாலும் தேரின் எடையைக் கட்டை தாங்கிக்கொள்ளும். ஹைட்ராலிக்கில் அந்த வேலையைத் தடுப்பு வால்வுகள் செய்கின்றன. பம்பு நின்றதும் வால்வு மூடிக்கொள்ளும்; சிலிண்டரில் சிறைப்பட்ட எண்ணெய் நகர வழியில்லை; சுக்கான் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கும். பிடித்து வைத்திருக்க பேட்டரி செலவே இல்லை, நகர்த்தும்போது மட்டுமே செலவு. சக்கரத்தின் கைப்பம்பிலும் இத்தகைய வால்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்பம்பு தள்ளும் எண்ணெய் சுக்கானுக்குப் போகாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எண்ணெய் நசுங்காது என்பதை நம்பித்தான் இவ்வளவும். குழாயில் கொஞ்சம் காற்று இருந்துவிட்டால் எல்லாம் கெட்டது. கணினி மூன்று டிகிரி கேட்கிறது, பம்பு தள்ளுகிறது, காற்றுக் குமிழ் நசுங்குகிறது, சுக்கான் அசையவில்லை. உணரி அதைச் சொல்ல, கணினி இன்னும் கேட்கிறது. பிறகு குமிழ் விரியும்போது சுக்கான் அளவு தாண்டிப் போகிறது. படகு மிதிபடகைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். விலை உயர்ந்த கணினியைக் குறை சொல்வார்கள். காற்றை வெளியேற்றும் வேலையை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். சிலிண்டரின் ஒரு முனையில் உள்ள திருகைத் தளர்த்தி, அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டுவிட்டு ஒருவர் மெதுவாகச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். முதலில் எண்ணெய் பால்போல வெளுத்து நுரையோடு வரும். பிறகு தெளிந்த எண்ணெயில் குமிழ்கள் வரிசையாக வரும். குமிழே இல்லாமல் வரும்வரை விடக் கூடாது. அதற்குள் மேலே தொட்டியில் எண்ணெய் குறைந்துவிட்டால் மறுபடி காற்று புகுந்துவிடும். எனவே ஊற்றிக்கொண்டே இருக்க இன்னொருவர் வேண்டும். பிறகு மறுமுனையில் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். சில மணி நேரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

திசைகாட்டி உணரியை எஞ்சின், ஒலிபெருக்கி, தடித்த மின்கம்பிகள் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரும்புப் படகாக இருந்தால் அதன் உடம்பே காந்தம்போல் குழப்பும். உயரத்தில் மாட்டுவது உத்தமம். மாட்டிய பின் அலையில்லாத நீரில் படகை மெதுவாக வட்டமடித்து அளவீடு செய்ய வேண்டும். கரடுமுரடான கடலில் உணர்திறனைக் குறைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சிற்றலைக்கும் பதில் சொல்லும் சுக்கான், டீசலையும் பேட்டரியையும் தின்னுமே தவிர படகை நேராக்காது. திசைகாட்டியை மட்டும் நம்பும் கருவி முனையின் திசையைத்தான் காக்கும்; நீரோட்டம் படகையே பக்கவாட்டில் நகர்த்தினால் அதற்குத் தெரியாது. தடத்தைப் பிடித்துப் போக ஜிபிஎஸ் இணைப்பு வேண்டும்.

இவ்வளவும் ஸ்டியரிங் ஒழுங்காக இருந்தால்தான். ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றி வந்த நமது கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகு, 2018 ஜனவரியில் ஸ்டியரிங் கோளாறால் மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் திட்டமிடாமல் ஒதுங்க நேர்ந்தது. ஆகவே, கையால் சுக்கானைத் திருப்பும் அவசரக் கட்டை ஒன்று படகில் எப்போதும் இருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஆட்டோபைலட் எண்களைப் படிக்கிறது. எதிரே இருப்பதைப் பார்ப்பதில்லை. குறித்த திசையில் ஒரு வள்ளம் நின்றாலும், வலை மிதந்தாலும், ஒரு சரக்குக் கப்பல் குறுக்கே வந்தாலும், கொடுத்த திசையில் துளியும் பிசகாமல் போய் மோதும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் கடலில் ‘ஓஷியானிக்’ படகு மீது கப்பல் மோதியதில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலரை இழந்தோம். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ‘ரபா’ படகு இரவில் கப்பலோடு மோதியபோதும் தமிழகக் குடும்பங்கள் அழுதன. இரவுக் கடலில் மோதல் என்பது வெறும் கற்பனை பயமில்லை. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எல்லா நேரத்திலும் கண்ணாலும் காதாலும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. கருவி வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு கிடையாது.

எனவே மைத்துனருக்கு என் பதில்: தாராளமாக மாட்டுங்கள். பல நாள் பயணத்தில் ஸ்ராங்கின் தோள்வலியை அது உண்மையாகவே குறைக்கும். நேராகப் போகும் படகு டீசலும் மிச்சம் பிடிக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால் அலறும் விழிப்பு அலாரத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஆனால் கருவி வந்துவிட்டது என்று இரவுக் காவலிலிருந்து ஓர் ஆளைக்கூடக் குறைக்காதீர்கள்.