குடிநீர்க் கட்டணம்: உங்கள் வீடு எந்தக் கணக்கில் இருக்கிறது?

சென்னையில் மெட்ரோ வாட்டருக்கு நாம் கட்டும் பணம் இரண்டு வகை. ஒன்று வரி. குடிநீர், கழிவுநீர் இரண்டுக்கும் சேர்த்து சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். இணைப்பு வாங்காவிட்டாலும் இதைக் கட்டியாக வேண்டும். மற்றது கட்டணம். வீடு, கடை, ஓட்டல், மருத்துவமனை என்று வகைக்கு வகை மாறுவது இதுதான். தொகை ஏறிவிட்டதென்று மெட்ரோ வாட்டர் டிப்போவுக்குக் கிளம்புமுன் ஏறியது எது என்று பாருங்கள். வரி என்றால் மாநகராட்சி போட்ட ஆண்டு மதிப்பைச் சரிபார்க்க வேண்டும். கட்டணம் என்றால் உங்கள் கட்டடத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வாசலறையில் நடத்திய கடையை மூடிய பிறகும் பதிவேட்டில் வணிகம் என்றே இருந்தால், வணிகக் கட்டணம்தான் வந்துகொண்டிருக்கும்.

வணிகத்துக்குக் கூடுதலாக வாங்குவதில் தவறில்லை. ஓட்டல் சமையலறையிலிருந்து இறங்கும் எண்ணெய்ப் பிசுக்கு சாக்கடைக் குழாயை அடைக்கிறது. அந்த அடைப்பை எடுக்கும் செலவை அக்கம்பக்கத்து வீடுகள் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் நாளுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடச் செலவாகாத தையல் கடையைக் கல்யாண மண்டபத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

புழங்கும் அளவு ஏற ஏற விலையும் ஏறும் அடுக்குக் கட்டணம் ஏழைகளுக்காகவே வகுத்தது என்பார்கள்; அது அவர்களையே அடிக்கும் இடமும் உண்டு. 2014 முதல் பத்தாண்டுக்கு மேல் பெங்களூரில் நடைமுறையில் இருந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் முதல் 8,000 லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அதற்கு மேல் 25,000 வரை 11 ரூபாய், 50,000 வரை 26 ரூபாய். ஒரு காம்பவுண்டில் நான்கு குடித்தனம், குடித்தனத்துக்கு 8,000 லிட்டர். தனித்தனி மீட்டர் இருந்தால் தண்ணீருக்கு மட்டும் வீட்டுக்கு 56 ரூபாய், மொத்தம் 224. ஒரே மீட்டரில், ஒரே வீடு என்று பதிவாகியிருந்தால் 32,000 லிட்டரும் ஒன்றாகக் கூட்டப்பட்டு 425 ரூபாய் ஆகிவிடும். சிக்கனமாகப் புழங்கியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! வீட்டுக்காரர் அதைக் குடித்தனக்காரர் தலையில்தான் கட்டுவார். அடுக்கு வைக்கும் ஊரில் ஒரு மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.

டெல்லியில் 2015-ல் மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்றார்கள். அளவு சற்றே தாண்டினாலும் மொத்தத்துக்கும் கட்டணம். விருந்தாளி நாலு நாள் தங்கினால் பில் எங்கேயோ போய்விடும்.

கழிவுநீருக்குப் பெரும்பாலும் குடிநீர் அளவை வைத்தே கட்டணம் போடுகிறார்கள். போர்வெல்லிலும் லாரித் தண்ணீரிலும் ஓடும் அடுக்குமாடியின் கழிவு எந்த மீட்டரிலும் பதிவாவதில்லை, ஆனால் பொதுச் சாக்கடையில்தான் சேர்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

தொகை தவறு என்று பட்டால் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். நிலுவை சேர்ந்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். ஆட்சேபித்துக் கட்டுவதாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ரசீதுகளோடு போங்கள். எந்த விதியின்படி இந்த வகை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், தண்ணீருக்கென்று தனியாகப் பணம் வாங்கும் வீட்டுக்காரரிடம் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் 1996-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, குடிநீர்க் கட்டணத்தை உயர்த்த 45 நாள் முன்பே தபாலில் தெரிவிக்க வேண்டும்; பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தில் எதிர்த்தால் உயர்த்த முடியாது. அங்குள்ள சான் வான் காபிஸ்ட்ரானோ நகரின் அடுக்குக் கட்டணத்தில் மேல் அடுக்கு அலகுக்கு 9.05 டாலர்; அது எந்தச் செலவிலிருந்து வந்தது என்று நகராட்சியால் காட்ட முடியாததால் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் ஊரிலும் அடுத்த உயர்வு வருமுன், எந்த வகை வாடிக்கையாளரால் எவ்வளவு செலவு என்ற கணக்கை வெளியிடச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் இப்போதே மனு கொடுங்கள்.