கோப்பிக் கொட்டைக்கு பிரீசர் கைகொடுக்குமா?

"வறுத்த கோப்பிக் கொட்டையை பிரீசரில் வைக்கலாமா?" என்று அண்மைக்காலமாகப் பலசரக்கு வியாபாரிகளும் சிறிய ஹோட்டல் நடத்துபவர்களும் என்னிடம் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் நமது கடைகளில் கோப்பி என்றால் தூள் பக்கட் மட்டும்தான். இப்போது கொட்டையாக வாங்கி, தேவையானபோது அரைத்துக் குடிக்கும் பாவனையாளர்களும் இருக்கின்றார்கள். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் விளையும் அறபிக்கா கொட்டைக்கு கபேக்களில் நல்ல கேள்வி இருக்கின்றது. ஆனால் இந்தச் சரக்குக்கு விலை அதிகம்; ஆயுள் குறைவு. இவை இரண்டும் சேர்ந்த சரக்கில்தான் சிறு வியாபாரியின் முதல் முடங்கும்.

பதிலை முதலில் சொல்லிவிடுகின்றேன். வைக்கலாம். ஆனால் பிரீசர் நல்ல கொட்டையை நல்லபடியே வைத்திருக்குமே தவிர, பழசைப் புதிதாக்காது. மணம் போன கொட்டையை உள்ளே வைத்தால் மணம் போன கொட்டையே வெளியில் வரும்.

கெடுவது எப்படி?

வறுத்த கோப்பிக் கொட்டை மீனைப் போலவோ பாலைப் போலவோ அழுகுவதில்லை. அதன் ஈரப்பதன் 5 சதவீதத்துக்கும் குறைவு. அது இழப்பது மணத்தைத்தான். காற்றிலுள்ள ஒட்சிசன் கொட்டையின் எண்ணெய்யையும் வாசனைப் பொருட்களையும் தாக்குகின்றது. சூடும் ஈரமும் வெளிச்சமும் அதற்குத் துணை போகின்றன. நமது ஊரில் கடைக்குள்ளேயே 30 பாகை சூடு. கண்ணாடிப் போத்தலில் போட்டு வெயில் படும் இடத்தில் அழகுக்கு வைத்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய வியாபாரிகள் அனுபவத்தில் கண்ட கணக்கு ஒன்று உண்டு. பச்சைக் கொட்டைக்கு மாதக் கணக்கு, வறுத்த கொட்டைக்கு வாரக் கணக்கு, அரைத்த தூளுக்கு நாள் கணக்கு. அரைக்கும்போது காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதே காரணம். எனவே பிரீசரில் வைப்பதானால் முழுக் கொட்டையாகவே வைக்க வேண்டும்.

வீட்டு பிரீசரின் குளிர் சுமார் மறை 18 பாகை. அந்தக் குளிரில் இந்த மாற்றங்கள் மிகவும் மெதுவாகின்றன. ஆனால் சாதாரண பிரிட்ஜின் கீழ்த் தட்டு இதற்கு ஏற்ற இடமல்ல. அங்கு போதிய குளிரும் இல்லை. ஈரமும் கறி வாசமும் நிறைய உண்டு. வறுத்த கொட்டையில் நுண்ணிய துவாரங்கள் நிறைந்திருப்பதால் பக்கத்தில் இருக்கும் வாசத்தை ஸ்பொஞ்ச் போல இழுத்துக்கொள்ளும்.

ஈரம்தான் எதிரி

எனக்குத் தெரிந்த ஒருவர் 10 கிலோ வறுத்த கொட்டையை ஒரே பையில் கட்டி, மீனும் கோழியும் இருக்கும் டீப் பிரீசரில் வைத்தார். தினமும் பையை எடுப்பார், அவிழ்ப்பார், அரைக் கிலோ நிறுப்பார், திரும்ப உள்ளே வைப்பார். மூன்றாவது வாரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கோப்பியில் மீன் வாசம் அடிப்பதாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் காண்கின்றோம். குளிர்ந்த கொட்டையின் மேல் நமது ஈரக் காற்றுப் பட்டாலும் அதுதான் நடக்கும். அந்த ஈரம் மணத்தைக் கெடுக்கும். மீண்டும் உறைய வைத்தால் கேடு இன்னும் கூடும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வறுத்த உடனே கொட்டையிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிவரும். உடனடியாக இறுக்கி சீல் வைத்தால் பை ஊதிவிடும். சில நாட்கள் ஆறவிட்டு, 200 அல்லது 250 கிராம் பைகளாகப் பிரித்து, உள்ளே உள்ள காற்றை இயன்றவரை வெளியேற்றி சீல் வையுங்கள். வறுத்த திகதியையும் பிரீசரில் வைத்த திகதியையும் எழுதுங்கள். விற்கும் நாளில் தேவையான பையை மட்டும் எடுங்கள். கடையின் சூட்டுக்கு வரும்வரை திறக்க வேண்டாம். வெளியில் எடுத்த பையைத் திரும்ப உள்ளே வைக்கவும் வேண்டாம்.

ஒரு கோப்பைக்கு வேண்டிய அளவைத் தனித்தனியே பொதி செய்யும் கபேக்காரர்கள் மட்டும் குளிரோடேயே அரைக்கலாம். குளிர்ந்த கொட்டை கூடிய நுணுக்கமாகவும் ஒரே சீராகவும் அரைபடுவதாக 2016 இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது.

கணக்கைப் பாருங்கள்

இனி இலாப நட்டத்துக்கு வருவோம். வாரத்துக்கு 2 கிலோ விற்கும் கடைக்காரரிடம், "20 கிலோ எடுத்தால் 5 சதவீதம் கழிவு" என்கின்றார்கள். கழிவின் பெறுமதி 1 கிலோ. ஆனால் 20 கிலோவும் விற்று முடிய 10 வாரங்கள் செல்லும். அதற்குள் 2 கிலோ மணம் போனால் கழிவும் போய், கைக்காசும் போய்விடும். பிரீசர் இருக்கின்றது என்ற தைரியத்தில் இப்படி வாங்குவது வியாபாரமாகாது.

ஐஸ்கிரீம் கம்பனி கொடுத்த பிரீசரில் வைக்கலாம் என்றும் சிலர் நினைக்கின்றார்கள். அதில் வேறு சரக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கின்றதா என முதலில் பாருங்கள். அத்துடன் நாள் முழுக்கத் திறந்து மூடும் பெட்டியில் குளிர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். நன்றாக சீல் வைத்த பை அதைத் தாங்கும். முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை தாங்காது.

கொஞ்சம் பெரிய அளவில் செய்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி, வறுக்காமல் வைத்திருப்பதுதான். 10 முதல் 12 சதவீத ஈரப்பதனுக்குக் காய்ந்த பச்சைக் கொட்டையைச் சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகை மேல், காற்றோட்டமான உலர்ந்த நிழலில் வைத்தால் பல மாதங்கள் இருக்கும். வறுக்கும்போது எடையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைகின்றது. விறகு அல்லது கேஸ் செலவும் கூலியும் சேர்கின்றன. எனவே வறுத்த ஒரு கிலோ கெட்டால், பச்சைக் கொட்டை ஒரு கிலோவை விடக் கூடிய நட்டம். வாரத்துக்கு விற்பதை வாரத்துக்கு வறுப்பதே புத்தி.

பிரீசரை மிஞ்சிய சரக்குக்கும், விலை கூடிய விசேட கொட்டைக்கும், திடீரென்று வரும் ஓடருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிரீசரில் இருந்ததை "நேற்று வறுத்தது" என்று சொல்லி விற்க வேண்டாம். பக்கட்டில் இரண்டு திகதிகளும் இருக்கட்டும். கோப்பி குடிப்பவருக்கு நாக்கு பொய் சொல்லாது. திகதியைப் பார்த்து வாங்கி, சொன்ன ருசி கிடைத்தவர் அடுத்த தடவையும் நமது கடைக்குத்தான் வருவார்.