தீக்காகக் காத்திருக்கும் மரம்!

குட்டீஸ்... காட்டில் தீப்பிடித்தால் மரமெல்லாம் செத்துப் போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தீ எப்போது வரும் என்று காத்திருக்கும் மரமே உண்டு. அதன் பெயர், ஜெயன்ட் செக்கோயா.

உலகிலேயே மிகப் பருமனான மரம் இதுதான். 3,000 ஆண்டுகள்கூட வாழும். இரண்டு அடி வரை தடிமனான பட்டை இருப்பதால், சின்னத் தீ இதை ஒன்றும் செய்யாது. கோழி முட்டை அளவுள்ள இதன் காய்கள், பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் தொங்கும். கீழே எரியும் தீயின் சூடு பட்டதும் காய்ந்து, வாய் திறக்கும். விதைகள் பொலபொலவென்று கொட்டும்! சருகு எரிந்து வெறுமையான மண்ணில்தான் அவை நன்றாக முளைக்கும்.

அதே மாநிலத்தின் வடக்கே வாழும் கரூக், யூரோக் பழங்குடியினரும் தீயோடு பழகியவர்கள்தான். புதர்களுக்குச் சிறிது சிறிதாகத் தீ வைப்பார்கள். பிறகு நேராகத் துளிர்க்கும் குச்சிகளை வெட்டிக் கூடை முடைவார்கள். பெரிய தீக்கு வேண்டிய சருகும் இதனால் குறைந்துவிடும்.

ஆனால், புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்று 1850ல் சட்டம் வந்தது. 'எந்தக் காட்டுத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும்' என்று 1935ல் அமெரிக்க வனத்துறை முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான்! ஆனால், சருகும் புதரும் மலைபோலக் குவிந்தன. பூமியும் சூடேறி, காடு காய்ந்தது. 2020ல் வந்த ஒரே தீயில், ஆயிரக்கணக்கான பெரிய செக்கோயாக்களே கருகிவிட்டன.

சரி, இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

2018 நவம்பர் 8ல், பாரடைஸ் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் எரிந்ததில் 85 பேர் இறந்தனர். மின்கோபுரத்தில் ஏறத்தாழ 100 ஆண்டு பழைய கொக்கி ஒன்று தேய்ந்து, அறுந்ததுதான் காரணம். 84 பேரின் சாவுக்குத் தானே காரணம் என்று, பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் 2020ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. கம்பெனியை ஜெயிலில் போட முடியுமா? சுமார் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். இழப்பீடு தனி. இருந்தாலும், அத்தனை உயிருக்கு இந்த அபராதம் ரொம்பக் குறைவு இல்லையா?

கொக்கி மட்டுமா குற்றவாளி? மாதக்கணக்கில் நல்ல மழை இல்லை. பலத்த காற்று வேறு. வீடுகளோ பைன் மரங்களுக்கு நடுவே! கூரை ஓரம் சேர்ந்த சருகில் ஒரு பொறி பறந்து விழுந்தாலே போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய தீயைத் தடுக்க ஒருவர் சின்னத் தீ வைக்கிறார். அது கை மீறிப் பரவிவிடுகிறது. அணைக்கும் செலவு யார் தலையில்? இந்தப் பயத்தாலேயே பலர் தீ வைக்கத் தயங்கினர். பயிற்சி பெற்றவர்களும், மரபுப்படி தீ வைக்கும் பழங்குடியினரும் விதிகளின்படி நடந்தால், அந்தச் செலவைத் தர வேண்டாம் என்று 2021ல் கலிபோர்னியா சட்டம் செய்தது. படுமோசமாக அலட்சியம் காட்டினால் மட்டும், அந்தச் சலுகை கிடையாது.