வழங்கிக் கணினிகளும் காலமுறைப் பராமரிப்பும்

தோற்றுவாய்

உறங்காது உழைக்கும் பொறி என்று கணினியைப் போற்றுகின்றோம். அது உறங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அது தன்னைத் தானே பேணிக்கொள்வதும் இல்லை. ஒரு வலையமைப்பில் பிற கணினிகள் வேண்டுவனவற்றை வேண்டும்பொழுதெல்லாம் எடுத்துத் தரும் கணினியைச் 'சர்வர்' என்பர். தமிழில் வழங்கி எனலாம். மாணவர் மதிப்பெண், நூலகப் பட்டியல், வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு ஆகியன இன்று வழங்கிகளிலேயே உறைகின்றன. அவ்வழங்கிகளைக் காலமுறைப்படி கண்காணித்துப் பேணும் பணி எங்ஙனம் வரையறுக்கப்படுகின்றது, எவ்விடத்தில் அது தவறுகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிகளின் பாகுபாடு

வழங்கிக்குச் செய்ய வேண்டிய பணிகளைக் கால அளவு நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, நிமிடக் கணக்கில் நிகழ்வது. வழங்கி மறுமொழி தருகின்றதா, வட்டில் இடம் எஞ்சியுள்ளதா, நினைவகம் போதுமா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வினவி அறிதல் இதன்பாற்படும். 1999-இல் நெட்செயின்ட் என்னும் பெயரில் தோன்றிப் பின்னர் நாகியோஸ் எனப் பெயர் மாற்றம் பெற்ற மென்பொருள் இவ்வகைக்கு நல்ல சான்று.

இரண்டாவது, நாள்தோறும் நிகழ்வது. தரவுகளுக்குக் காப்புப்படி எடுத்தலும், நாளும் வளரும் பதிவேட்டுக் கோப்புகளைச் சுருக்கிப் பழையனவற்றைக் கழித்தலும் இதில் அடங்கும். பின்னதைச் செய்யத் தவறினால், வழங்கி தன் நாட்குறிப்பாலேயே தன் வட்டை நிரப்பிக்கொண்டு செயலற்று நின்றுவிடும்.

மூன்றாவது, கிழமைக்கோ திங்களுக்கோ ஒருமுறை நிகழ்வது. மென்பொருள் திருத்தங்களை நிறுவுதலும் வட்டின் நலத்தை ஆய்தலும் இவ்வகையின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் தன் பாதுகாப்புத் திருத்தங்களைத் திங்கள்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. பராமரிப்போர் தம் பணியை முன்னரே வகுத்துக்கொள்ள இவ்வொழுங்கு துணைபுரிகின்றது.

நான்காவது, நெடிய இடைவெளியில் வருவது. பாதுகாப்புச் சான்றிதழையும் இணையப் பெயரையும் காலாவதியாகுமுன் புதுப்பித்தல் இவ்வகையாகும். அரிதாக வருவதனாலேயே இவை மறக்கப்படுகின்றன. 2018 டிசம்பர் 6 அன்று, எரிக்சன் நிறுவனம் அளித்திருந்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானது. பிரிட்டனில் ஓ-டூ, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் ஆகியவற்றின் கைப்பேசிச் சேவை அதனால் முடங்கியது. இலட்சக்கணக்கானோர் தொடர்பிழந்து தவித்தனர். ஒரு தேதியை நினைவிற் கொள்ளாமையின் விலை அத்துணைப் பெரிது!

நேரங்குறிக்கும் முறை

இத்தனை பணிகளையும் மனிதர் நினைவில் வைத்துச் செய்தல் அரிது. எனவே இவற்றைக் கணினியிடமே ஒப்படைக்கும் முறை தோன்றியது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' என்னும் நிரல் இடம்பெற்றிருந்தது. பால் விக்ஸி என்பார் 1987-இல் எழுதிய வடிவம் பின்னர்ப் பெரிதும் பரவிற்று. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்து இடங்களை நிரப்பி, ஆறாவதாகச் செய்ய வேண்டிய பணியை எழுதினால் போதும்; கிரான் குறித்த பொழுதில் அதனைத் தொடங்கும். '30 2 * * 0' என்று எழுதினால், ஞாயிறுதோறும் அதிகாலை 2.30 மணி என்பது பொருள். உடுக்குறி 'எதுவாயினும்' என்பதைக் குறிக்கும். ஞாயிறு சுழியத்தால் குறிக்கப்படும்.

எளிமையான இம்முறையிலும் கருத்திற் கொள்ள வேண்டிய நுட்பங்கள் உள. தேதியையும் கிழமையையும் ஒருங்கே குறித்தால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் பணி நிகழும் என நாம் எண்ணுவோம். கிரானோ இரண்டில் ஒன்று பொருந்தினாலும் பணியைத் தொடங்கிவிடும். மேலும், வழங்கி உலகப் பொது நேரத்தில் அமைந்திருப்பின், நமது ஞாயிறு அதிகாலை 2.30 அதற்குச் சனிக்கிழமை இரவு 9 மணி. குறித்த வேளையில் மின்சாரம் இன்றிப் பொறி நின்றிருந்தால், பழைய கிரான் விடுபட்ட பணியைப் பின்னர்ச் செய்யாது. அனாக்ரான் போன்ற நிரல்களே அக்குறையை நிரப்புவன. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தொடங்கும் பணி முடிய ஏழு நிமிடம் ஆகுமெனில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பணிகள் குவிந்து வழங்கியைத் திணறச் செய்யும். முந்தைய பணி முடியுமுன் அடுத்தது தொடங்காதவாறு பூட்டிட்டு வைத்தல் அதற்கு மாற்று. நூறு வழங்கிகளுக்கும் நள்ளிரவு 12 மணியையே குறித்து வைப்பதும் தகாது. சிறிது சிறிது முன்பின்னாகப் பிரித்தமைத்தலே தக்கது.

மௌனத்தின் இரு பொருள்

நேரத்தைச் செம்மையாகக் குறித்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை என்பதே நாம் வலியுறுத்த விழையும் கருத்தாகும். பணி ஏதேனும் செய்தியை வெளியிட்டால் கிரான் அதனை உரியவர்க்கு மடலாக அனுப்ப முயலும், வெளியிடாவிடின் வாளாவிருக்கும். அம்மௌனத்திற்குப் பணி நன்கு முடிந்தது என்றும் பொருள் கொள்ளலாம். பணி நிகழவே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். மனிதர் முன்னதையே கொள்வர். கேடு அங்கேயே விளைகின்றது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. துணை வழங்கியைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மை வழங்கியின் தரவுத்தளத்தை நீக்கத் தொடங்கினார். சில நொடிகளில் பிழையுணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பிய காப்புப்படியைத் தேடினர். வைப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பாக இருக்க, படியெடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்தமையால் பணி தொடர்ந்து தோல்வியுற்று வந்தது. தோல்வியைத் தெரிவித்த மடல்களும், அனுப்புநர்க்குரிய சான்று இன்மையால், ஏற்கப்படாது தள்ளப்பட்டன. வேறொரு தேவைக்காகப் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுத்து வைத்த படியே அவர்களைக் காத்தது. எனினும் இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் மீளவில்லை. காப்புப்படியைச் சோதிக்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை என்பதை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதிற்று.

அட்டவணை இருந்தது, பணியும் குறித்த நேரத்தில் தொடங்கியது, எச்சரிக்கையும் எழுந்தது. நிகழ்ந்ததா என்று பார்க்கும் கண் ஒன்றுதான் இல்லை.

தீர்வு

முற்காலத்து ஊர்க்காவலன் யாமந்தோறும் தெருக்களைச் சுற்றிவந்து குரல் கொடுப்பான். குரல் கேட்கும்வரை ஊரார் கவலையின்றி உறங்குவர். குரல் எழாத யாமமே ஐயத்திற்குரியது. வழங்கிக்கும் இம்முறையே பொருந்தும். ஒவ்வொரு பணியும் நன்கு முடிந்தபின் 'முடிந்தது' என்று வேறொரு கணினிக்கு அறிவித்தல் வேண்டும். உரிய வேளைக்குள் அவ்வறிவிப்பு வாராவிடின், அக்கணினி எச்சரிக்கை எழுப்புதல் வேண்டும். காக்கப்படுவதும் காப்பதும் ஒரே பொறியாயின், பொறி வீழும்போது காவலும் உடன் வீழும்.

அடுத்து, காப்புப்படியின் அளவையும் தேதியையும் நாள்தோறும் ஒப்பிடுதல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் அதனை வேறொரு கணினியில் விரித்து, தரவுகள் மீள்கின்றனவா என்று காணல் வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, படியென நம்பப்படும் கோப்பு மட்டுமே. இறுதியாக, ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை அட்டவணையிலேயே எழுதி வைத்தல் நன்று. எல்லார்க்கும் பொதுவான கடமை ஒருவர்க்கும் உரியதாகாது போதல் உலகியல்பு.

நிறைவாக

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலான முயற்சிகளால் தமிழ் நூல்கள் பலவும் வழங்கிகளில் இடம்பெற்றுள்ளன. எனவே இச்செய்தி கணினித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் பயில்வோர்க்கும் உரியதேயாம். ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதறிந்த முன்னோர், ஏடு சிதையுமுன் அதனைப் பெயர்த்தெழுதினர். எழுதியதோடு அமையாது மூலத்துடன் ஒப்புநோக்கவும் செய்தனர். பெயர்த்தெழுதும் பணியை இன்று பொறி ஏற்றுக்கொண்டது; ஒப்புநோக்கும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே உள்ளது. அப்பொறுப்புக்கும் அட்டவணையில் ஒரு நாளும் ஒரு பெயரும் குறித்து வைப்போமாக.