நீலகண்ட சிவன்

நீலகண்ட சிவன் (1839 – 1900) நாஞ்சில் நாட்டில் பிறந்த சிவபக்தரும், தமிழில் கருநாடக இசைக் கீர்த்தனைகளை இயற்றியவரும் ஆவார். இவரது பாடல்கள் பஜனையில் வேரூன்றிப் பின்னர் கச்சேரி மேடையிலும் நிலைபெற்றவை.

வாழ்க்கை

இவர் நாகர்கோவிலைச் சேர்ந்த வடிவீசுவரத்தில் பிறந்து பத்மநாபபுரத்தில் வளர்ந்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்த இப்பகுதி 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பத்மநாபபுரத்துச் சிவாலயத்தில் எழுந்தருளியிருப்பவர் நீலகண்டசுவாமி. மகா சிவராத்திரியையொட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரு கோவில்களுள் இது ஏழாவதாகும். இவர் தம் பாடல்களில் வைத்த முத்திரையும் 'நீலகண்ட' என்பதே. எனவே முத்திரை வரும் அடியில் புலவர் தம்மைக் குறிக்கிறாரா, இறைவனை அழைக்கிறாரா எனப் பிரித்தறிவது கடினம். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார்.

பாடல்கள்

பஜனையில் ஒருவர் பாட மற்றவர் திரும்பப் பாடுவர். ஆகவே சொற்றொடர் குறுகியதாகவும் எளிதில் மனத்தில் பதிவதாகவும் இருத்தல் வேண்டும். பௌளி இராகத்தில் அமைந்த 'சம்போ மகாதேவ' இவ்வகையை நெருங்கியது. காளத்திநாதரை வடமொழிப் பெயர்களால் விளித்துச் செல்வது. முகாரியில் அமைந்த 'என்றைக்கு சிவ கிருபை' வேறு தன்மையது. அதில் விளி இல்லை, ஏக்கமே உண்டு. அருள் எந்நாள் கிட்டும் எனத் தமக்குள் கேட்டுக்கொள்ளும் பேச்சுத் தமிழ் அது. துயரச் சுவைக்குரிய முகாரி அக்கேள்விக்கு நன்கு பொருந்துகிறது. பூர்விகல்யாணியில் அமைந்த 'ஆனந்த நடமாடுவார்' தில்லைக் கூத்தைப் பாடுவது.

கரகரப்பிரியாவில் அமைந்த 'நவசித்தி பெற்றாலும்' தனித்துக் குறிப்பிடத்தக்கது. சித்திகள் அனைத்தும் வாய்த்தும் சிவபக்தி இல்லாதோரை அவர் 'சாவி' என்கிறார். இன்று கேட்பவர் பூட்டின் திறவுகோலை நினைத்துக் குழம்பக்கூடும். இங்கு சாவி என்பது மணி பிடிக்காத நெற்பதர். தோற்றத்தில் கதிரை ஒத்திருக்கும். தூற்றும்போது காற்றோடு போய்விடும். நெல் விளையும் நாஞ்சில் நாட்டில் இவ்வுவமைக்கு உரை தேவைப்பட்டிராது. யோக சித்திகளை இலக்காகக் கொள்ளாத இவரது பக்தி நெறிக்கு இப்பாடலே சிறந்த சான்று எனலாம்.

தாக்கம்

கீர்த்தனைகள் பெரிதும் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடப்பட்ட காலத்தில், கோபாலகிருஷ்ண பாரதியாரைப் போல இவரும் தமிழில் இயற்றினார். திருவனந்தபுரத்தில் இவரது பஜனைகளில் கலந்துகொண்ட சிறுவர்களுள் ஒருவர் இராமையா. 1890 இல் பிறந்த அவருக்கு நீலகண்ட சிவன் மறைந்தபோது வயது ஏறத்தாழப் பத்து. பின்னாளில் பாபநாசம் சிவன் என அறியப்பட்டவர் அவரே.